ரப்பரும் எண்ணெயும்: பழைய டர்ன்டேபிளை வாங்குவதும் ஓடவைப்பதும்

பழைய டர்ன்டேபிளில் இரும்பும் அலுமினியமும் பித்தளையும் கெடுவது அபூர்வம். கெடுவது ரப்பரும் எண்ணெயும்தான். பரணில் ஐம்பது வருடம் கிடந்த பெட்டியைத் திறந்து பார்த்தாலும் சுழல்தண்டு நேராகத்தான் நிற்கும். மோட்டாரின் செப்புக்கம்பிச் சுற்றும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் பெல்ட் பிசுபிசுத்துக் கையோடு ஒட்டிக்கொண்டு வரும். ரப்பர் சக்கரத்தின் விளிம்பு இறுகிப் பளபளக்கும். பேரிங்கில் எப்போதோ விட்ட எண்ணெய் பசையாகி, இசைத்தட்டு உட்காரும் அந்தக் கனத்த வட்டத்தைக் (இனி அதைப் பிளேட்டர் என்றே சொல்வோம்) கையால் சுழற்றினால் இரண்டு சுற்றில் நின்றுவிடும். விற்பவர் "மோட்டார் போச்சு சார்" என்று சொல்லி விலையைக் குறைப்பார். பத்துக்கு எட்டு முறை மோட்டார் போயிருக்காது.

ஆகவே வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி "இது ஓடுகிறதா" என்பதல்ல. இதில் கெட்டிருப்பது மாற்றக்கூடிய பொருளா, மாற்ற முடியாத பொருளா என்பதுதான். பெல்ட், ஒயர், கெப்பாசிட்டர், எண்ணெய், ஊசி எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்து ஆடும் பேரிங், கீழே விழுந்து வளைந்த சுழல்தண்டு, உடைந்த டோன் ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) ஆகியவற்றுக்கு மருந்து கிடையாது; இன்னொரு எந்திரத்தை வாங்கிப் பிரித்துத்தான் சரிசெய்ய வேண்டும். பளபளப்பான மரப்பெட்டியைப் பார்த்து மயங்குபவர்கள்தான் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் பணம் கொடுக்கிறார்கள்.

எதை வாங்குவது

மோட்டாரின் சுழற்சி பிளேட்டருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை வைத்து இவற்றை மூன்று குடும்பமாகப் பிரிக்கலாம்.

முதலாவது ஐட்லர். மோட்டார் தண்டுக்கும் பிளேட்டரின் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் அழுத்திக்கொண்டு நிற்கும். இங்கிலாந்தின் ஸ்விண்டன் நகரில் தயாராகி 1954-இல் சந்தைக்கு வந்த கேரார்ட் 301 இந்தக் குடும்பத்தின் மூத்தவர். 1965-இல் 401 வந்தது. பிபிசியின் ஒலிபரப்பு அறைகளில் உழைத்த எந்திரம் 301. சுவிட்சை நகர்த்தியதும் வேகம் பிடித்துவிடும், ஊசியின் இழுவைக்கெல்லாம் அசையாது. குறை என்னவென்றால் மோட்டாரின் அதிர்வும் அதே சக்கரத்தின் வழியாகப் பிளேட்டருக்கு ஏறி, பாட்டுக்கு அடியில் ஒரு உறுமலாகக் கேட்கும். சுவிட்சர்லாந்தின் லென்கோ எல்75-உம் ஐட்லர்தான். ஆனால் அதன் சக்கரம் நெட்டுக்குத்தாக நின்று, கூம்பான மோட்டார் தண்டின் மேல் முன்னும் பின்னும் நகரும். அதனால் வேகத்தை விட்டுவிட்டு அல்ல, தொடர்ச்சியாகவே கூட்டிக் குறைக்கலாம். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டுகள் நிறைய வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. அந்தக் காலத்து 78 தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78-இல் பதிவானவை அல்ல.

இரண்டாவது பெல்ட். 1961-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் தன் ஏஆர் நிறுவனத்தின் டர்ன்டேபிளில் ஒரு காரியம் செய்தார். பிளேட்டரையும் டோன் ஆர்மையும் ஒரே சட்டத்தில் இணைத்து, அந்தச் சட்டத்தை மூன்று ஸ்பிரிங்கில் மிதக்கவிட்டார். மோட்டார் தனியே நின்று மெல்லிய ரப்பர் பெல்ட்டால் பிளேட்டரைச் சுற்றும். பக்கத்தில் யாராவது நடந்தாலும் ஊசி துள்ளாது. தோரன்ஸ் டிடி 150, 1972-இல் வந்த டிடி 160, ஸ்காட்லாந்தின் லின் சோன்டெக் எல்பி12 எல்லாம் அந்த வழியில் வந்தவை.

மூன்றாவது டைரக்ட் டிரைவ். பிளேட்டரே மோட்டாரின் சுழலும் பாகம். டெக்னிக்ஸ் எஸ்பி-10 இதைத் தொடங்கிவைத்தது. 1972-இல் எஸ்எல்-1200, 1979-இல் அதன் எம்கே2. டிஜேக்கள் கையால் முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்தும் உழைத்த எந்திரம் அது. 2010-இல் உற்பத்தியை நிறுத்திப் பார்த்த நிறுவனம், கேட்பவர்கள் விடாததால் 2016-இல் மறுபடி தொடங்கியது.

என் யோசனை இது: முதல் எந்திரமாகக் கேரார்ட் வேண்டாம். அது சேகரிப்பாளர்களின் பொருளாகி, விலை பொருளின் தகுதியைத் தாண்டிப் போய்விட்டது. கையில் திருப்புளியும் கொஞ்சம் பொறுமையும் மட்டும் இருப்பவருக்கு டிடி 160 மாதிரியான பெல்ட் எந்திரம் பொருத்தம். உள்ளே பாகங்கள் குறைவு, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பழுதுபார்க்கும் ஆசையே இல்லை, பாட்டுக் கேட்டால் போதும் என்பவர்கள் எம்கே2 தேடலாம்.

தட்டு முடிந்ததும் கை தானே எழுந்து திரும்பும் ஆட்டோமேட்டிக் வகையில் ஜெர்மனியின் டூவல் எந்திரங்கள் அருமையானவை. ஆனால் அடியில் நெம்புகோல்களும் பற்சக்கரங்களும் ஒன்றன்மேல் ஒன்று. அங்கே கிரீஸ் இறுகினால் கை பாதி வழியில் நின்றுவிடும். இன்னொரு வேடிக்கை: கையை நகர்த்தும் சிறு ஆணியின் தலையில் அரிசியளவு ரப்பர் உறை ஒன்று இருக்கும். அது பொடிந்து விழுந்துவிட்டால் ஆட்டோமேட்டிக் வேலை செய்யாது. ஊசி எழுந்து, போன இடத்திலேயே இறங்கும். சைக்கிள் வால்டியூபில் ஒரு துளி வெட்டி மாட்டினால் சரியாகிவிடும். இது தெரியாமல் "மெக்கானிசம் போச்சு" என்று எத்தனையோ டூவல்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கின்றன.

நம் வீடுகளில் கிடக்கும் எச்எம்வி ஃபியஸ்டா, கலிப்ஸோ மாதிரியான சிறு பிளேயர்களைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். தாத்தா வாங்கியது என்றால் சரிசெய்து வைத்துக்கொள்ளுங்கள், ஓடும். ஆனால் அவற்றில் ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜ் செராமிக் வகை. தட்டின் மேல் 5 கிராமுக்கும் அதிகமாக அழுத்தும். நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ் 2 கிராமில் ஓடிவிடும். எக்கோ, இன்ரெகோ லேபிள்களில் 1980களில் வந்த எல்.பி.க்களுக்குக் கைமாறும் விலை தெரிந்தவர் யாரும் அவற்றைச் செராமிக் ஊசிக்கு அடியில் வைக்க மாட்டார். கீறல் விழுந்த தட்டுகளை அதில் போட்டு ரசிக்கலாம், தப்பில்லை.

கரன்டைக் கேட்டு வாங்குங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த டர்ன்டேபிளில் நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் சுமார் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட்டைக் குறைக்க ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மட்டும்தான் மாற்றும், ஹெர்ட்ஸைத் தொடாது. பெல்ட், ஐட்லர் எந்திரங்களின் ஏசி மோட்டார் ஹெர்ட்ஸைப் பார்த்தே ஓடுகிறது. 60-க்காகச் செய்த மோட்டாரை 50-இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்தாகிவிடும். 33⅓-இல் சுற்ற வேண்டிய தட்டு 27.8-இல் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார்; சௌக்க காலம் இன்னும் சௌக்கமாகும்.

இதற்கு வழி இருக்கிறது. மோட்டார் தண்டின் முனையில் மாட்டியிருக்கும் சிறு பித்தளை உருளையின் விட்டம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. கேரார்ட், தோரன்ஸ் இரண்டுமே 50-க்கு ஒன்று, 60-க்கு ஒன்று என இரண்டு உருளைகள் செய்திருக்கின்றன. 50-க்கான உருளையை வாங்கி மாட்டிவிட்டால் போதும். அது கிடைக்குமா என்று பார்த்த பிறகு எந்திரத்துக்கு விலை பேசுங்கள். லென்கோவில் சக்கரத்தைச் சற்று நகர்த்தினாலே 33⅓ வந்துவிடும். டெக்னிக்ஸ் வகை டைரக்ட் டிரைவுக்கு ஹெர்ட்ஸ் கவலை இல்லை. உள்ளே டிசியாக்கித்தான் ஓட்டுகிறது, வோல்ட்டை மட்டும் சரிசெய்தால் போதும். ஜப்பானிலிருந்து வருவது 100 வோல்ட். அங்கே கிழக்கில் 50, மேற்கில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் பெல்ட் எந்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிக்காமல் வாங்காதீர்கள். சிங்கப்பூர், பிரிட்டன், ஜெர்மனி எந்திரங்களில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

இன்வெர்ட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. விலை குறைந்த சதுர அலை இன்வெர்ட்டரில் இந்த மோட்டார்கள் முனகும், சூடாகும். சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் பரவாயில்லை.

கடையில்

மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோகும்வரை சென்னையில் இதற்கென்று ஓர் இடம் இருந்தது. இப்போது எந்திரங்கள் சிதறிக் கிடக்கின்றன: பழைய சாமான் கடைகள், வீடு காலி செய்பவர்கள், மும்பை சோர் பஜார். எங்கே போனாலும் சட்டைப்பையில் மூன்று பொருள் இருக்கட்டும்: சிறிய டார்ச், நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ், பழைய வேட்டித்துணி ஒரு துண்டு.

"ஓடுதா பாய்?"

"சூப்பரா சுத்துது சார். ஊசி மட்டும் போடணும்."

இந்தப் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். இதன் பொருள், அதில் பாட்டு ஒலித்து யாரும் கேட்டதில்லை என்பது. கோபப்பட வேண்டாம். பிளக்கைப் போடச் சொல்லாமல் முதலில் கையால் பாருங்கள். பிளேட்டரின் விளிம்பை இரண்டு எதிரெதிர்ப் பக்கமும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் நெகிழ்வு தெரியலாம். 'டக் டக்' என்று உலோகம் இடித்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஐட்லர் என்றால் சக்கரம் எதையும் தொடாதபடி நியூட்ரலில் வைத்துக் கையால் சுழற்றி, விளிம்பைக் கண் மட்டத்தில் பாருங்கள். மேலும் கீழும் அலைந்தால் தண்டு வளைந்திருக்கலாம். இனி டோன் ஆர்ம். பின்னால் உள்ள எடையைத் திருகிக் கையைத் துலாக்கோலாக மிதக்கவிட்டு, பக்கவாட்டில் ஒரு மூச்சு ஊதுங்கள். தயங்காமல் நகர்ந்து, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். ஏதாவது ஓரிடத்தில் பிடித்தால் பேரிங்கில் அழுக்கு அல்லது அடி. லென்கோவில் இன்னொன்றும் பாருங்கள்: டோன் ஆர்மின் கத்திமுனை உட்காரும் 'வி' வடிவ ரப்பர் கட்டைகள் எல்லா எந்திரத்திலும் பொடிந்திருக்கும். புதிது கிடைக்கிறது, பேரம் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

டெக்னிக்ஸ் என்றால் பிளேட்டரைத் தூக்கிப் பாருங்கள். அடியில் பெரிய காந்த வளையம் இருக்கும். அதில் இரும்புத் தூளும் குண்டூசியும் ஒட்டியிருந்தால் எந்திரம் எப்படிப்பட்ட இடத்தில் கிடந்தது என்று தெரிந்துவிடும்.

மரப்பெட்டியின் அடியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கரையான் தின்ற பெட்டியால் கவலையில்லை, தச்சர் வேறு செய்து தருவார். ஆனால் பூச்சி அரித்த பெட்டியை மற்ற சாமான்களோடு வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

வாங்கியாயிற்று என்றால் அங்கேயே பிளேட்டரைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். எடையைக் கழற்றுங்கள், டோன் ஆர்மை நூலால் கட்டுங்கள், மிதக்கும் சட்டத்துக்குப் போக்குவரத்துத் திருகு இருந்தால் இறுக்குங்கள். பிளேட்டரோடு ஆட்டோவில் ஏற்றினால் ஒவ்வொரு வேகத்தடையும் பேரிங்கின் அடித்தகட்டில் ஒரு குழி வெட்டும்.

பேரிங்கைக் கழுவுதல்

வீட்டில் முதல் வேலை இதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

பிளேட்டர் சில எந்திரங்களில் கூம்பான தண்டின் மேல் இறுகி உட்கார்ந்திருக்கும். ஒருவர் இரண்டு பக்கமும் விரல் கொடுத்துத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் தண்டின் தலையில் மரத்துண்டால் மெல்லத் தட்டினால் விட்டுவிடும். இரும்புச் சுத்தியல் கூடவே கூடாது. பிறகு தண்டை அதன் குழாயிலிருந்து மெதுவாக உருவுங்கள். அடியில் பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பல எந்திரங்களில் தண்டின் அடியில் ஒரு சிறு எஃகுக் குண்டு இருக்கும். பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு தண்டோடு மேலே வரும், பாதி வழியில் உதிரும். தரையில் விழுந்தால் பீரோவுக்கு அடியில்தான் போய் நிற்கும்.

தென்னை ஈர்க்குச்சியின் முனையில் வேட்டித்துணியை இறுகச் சுற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துக் குழாய்க்குள் விட்டுத் திருகி எடுங்கள். முதல் துணி கறுப்பாக வரும். அடுத்தது பழுப்பு. துணி வெளுப்பாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். வெளுத்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் பொன்னிறத் துகள் மினுங்கினால் உள்ளே இருக்கும் வெண்கலப் புஷ் தேய்ந்துகொண்டிருக்கிறது. அதற்காக உடனே தூக்கிப்போட வேண்டியதில்லை, ஆனால் எண்ணெயை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். குண்டை லென்ஸில் உருட்டிப் பாருங்கள்; தட்டையாகத் தேய்ந்த இடம் தெரிந்தால் அதே அளவில் புதுக் குண்டு பேரிங் கடையில் கிடைக்கும். குண்டு உட்காரும் அடித்தகட்டில் குழி இருந்தால் தகட்டைத் திருப்பிப் போடலாம்.

அந்த வெண்கலப் புஷ் பல எந்திரங்களில் நுண்துளைகள் கொண்டது. எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடும். ஆல்கஹாலால் கழுவியதில் அதுவும் போயிருக்கும். ஆகவே குழாய்க்குள் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் வடித்துவிட்டுப் புது எண்ணெய் சில துளிகள் விட்டுத் தண்டை இறக்குங்கள். கையை எடுத்ததும் தண்டு 'தொப்'பென்று விழக்கூடாது. உள்ளே சிக்கிய காற்று மெல்ல வெளியேற, தன் எடையில் தானே நிதானமாக இறங்க வேண்டும். தோரன்ஸின் உள்பிளேட்டர் அப்படி இறங்குவதைப் பார்ப்பதற்காகவே அதைப் பிரிக்கலாம்.

என்ன எண்ணெய்? டர்பைன் ஆயில், 46 அல்லது 68 கிரேடு, ஆயில் கடைகளில் கேட்டால் கிடைக்கும். தையல் மெஷின் எண்ணெய் மோட்டார் புஷ்ஷுக்கு ஆகும், கனத்த பிளேட்டரைத் தாங்கும் பேரிங்குக்கு அது மெலிசு. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழியில் உறையும் எண்ணெய் அது. நாளாக நாளாகப் பிசினாகும். நம் பக்கத்தில் கிடைக்கும் பழைய பிளேயர்களில் பாதியை நிறுத்தியது யாரோ நல்லெண்ணத்தோடு விட்ட சமையலறை எண்ணெய்தான். துரு நீக்கும் ஸ்பிரேயும் எண்ணெய் ஆகாது, அது காய்ந்துபோகும். கேரார்ட் 301-இன் ஆரம்பகால எந்திரங்கள் கிரீஸுக்காகவே செய்த பேரிங் கொண்டவை. அவற்றில் எண்ணெய் விட்டால் வழிந்து கீழே சொட்டும், கிரீஸே போடுங்கள்.

சக்கரமும் பெல்ட்டும்

ஐட்லர் சக்கரம் பளபளத்தால் பிடிப்பு இல்லை என்று பொருள். ஆல்கஹாலில் துடைத்து, மெல்லிய உப்புத்தாளை விளிம்பில் சீராக ஒரு சுற்றுக் காட்டினால் மேல்தோல் போகும். பெட்ரோலோ தின்னரோ பட்டால் ரப்பர் ஊதிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் 'தட்... தட்...' என்று சீராகக் கேட்டால், வருடக்கணக்கில் மோட்டார் தண்டை அழுத்திக்கொண்டு நின்றதில் ரப்பரில் பள்ளம் விழுந்திருக்கிறது. இது தேய்த்துப் போகாது. வெளிநாட்டிலிருந்து புதுச் சக்கரம் வரவழைக்கலாம். இல்லாவிட்டால் அச்சு இயந்திர உருளைகளுக்கு ரப்பர் போட்டுக் கடைந்து தரும் பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். அங்கே வலியுறுத்த வேண்டியது ஒன்றுதான்: விளிம்பு மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். விட்டம் ஒரு நூலிழை கூடினாலும் குறைந்தாலும் பாதகமில்லை. நடுவில் நிற்கும் சக்கரத்தின் அளவு வேகத்தை மாற்றாது. மோட்டார் உருளையும் பிளேட்டர் விளிம்பும்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. கேட்டு முடித்ததும் குமிழை நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் இந்தப் பள்ளமே விழாது.

பெல்ட்டை மாடல் எண் சொல்லி வாங்குங்கள். ஏறக்குறைய அளவு என்று ஒன்றை மாட்டினால், தடிமன் மாறினாலே வேகம் சற்று மாறும். பழைய பெல்ட் உருகிய பிசுக்கு மோட்டார் உருளையில் கொஞ்சமும் மிச்சமில்லாமல் துடைத்த பிறகே புதியதை மாட்டுங்கள்.

மின்சார வேலை

பழைய பவர் கார்டை மாற்றிவிடுங்கள். வெடித்த ரப்பர் உறையோடு ஒயரை வைத்திருப்பதில் கௌரவம் ஒன்றுமில்லை. சுவிட்சின் இரண்டு முனைக்கும் குறுக்கே, 'டப்' சத்தம் ஸ்பீக்கரில் கேட்காமல் இருக்க, ஒரு சிறு கெப்பாசிட்டர் இருக்கும். பழைய காகிதக் கெப்பாசிட்டர்கள் ஷார்ட் ஆகும். சுவிட்சை அணைத்தாலும் மோட்டார் நிற்கவில்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் இதுதான். சென்னை ரிச்சி தெருவில் எக்ஸ்2 முத்திரை உள்ள 275 வோல்ட் ஏசி கெப்பாசிட்டர் என்று கேட்டு, அதே மதிப்பில் வாங்குங்கள். சாதாரண கெப்பாசிட்டரை மெயின்ஸில் போடாதீர்கள். சால்டரிங் பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால், டர்ன்டேபிளிலிருந்து வரும் தனி எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் முடுக்குங்கள். ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்று எழுதிய இடம் இல்லாவிட்டால் தனி ஃபோனோ ப்ரீஆம்ப் அவசியம். காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதோடு, தட்டில் பதியும்போதே பேஸைக் குறைத்து டிரெபிளைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள். அதைத் திரும்பச் சமன்செய்யும் வேலையையும் ப்ரீஆம்ப்தான் செய்கிறது. ஆக்ஸில் செருகினால் டீக்கடை ரேடியோ சத்தம்தான் வரும்.

ஊசி

கடைக்காரர் சொன்ன "ஊசி மட்டும்" சில சமயம் எந்திரத்தின் விலையில் பாதியைத் தின்னும். கார்ட்ரிட்ஜில் இருக்கும் பழைய ஊசியை லென்ஸில் பார்த்து நன்றாக இருக்கிறதென்று முடிவு கட்டாதீர்கள். வைரமுனை தேயாமல் இருந்தாலும் அதன் தண்டைத் தாங்கும் ரப்பர் இறுகியிருக்கும். மீண்டும் ரப்பர்! ஷ்யூர் நிறுவனம் 2018-இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. பழைய ஷ்யூருக்கு ஜப்பானின் ஜிகோ செய்யும் மாற்று ஊசிகள் கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு ஆடியோ-டெக்னிகாவின் ஏடி-விஎம்95 வரிசையைச் சொல்வேன். ஒரே கார்ட்ரிட்ஜில் பல தர ஊசிகளை மாற்றி மாற்றிச் செருகலாம். இதன் பயனைக் கடைசியில் சொல்கிறேன்.

ஒயர் நிறங்கள்: வெள்ளை இடது, நீலம் இடதின் தரை; சிவப்பு வலது, பச்சை வலதின் தரை. ஒயரின் உலோக முனையைக் கார்ட்ரிட்ஜில் செருகிய பிறகு சால்டரிங் செய்யாதீர்கள், கார்ட்ரிட்ஜ் உள்ளே வெந்துவிடும். அழுத்தத்தைச் சிறிய டிஜிட்டல் தராசில் பார்த்து, தயாரிப்பாளர் சொன்ன எடையிலேயே வையுங்கள். 'தட்டு தேயக்கூடாது' என்று எடையைக் குறைப்பவர்கள்தான் தட்டைக் கெடுக்கிறார்கள். லேசான ஊசி பள்ளத்துக்குள் நிலையாக நிற்காமல் சுவரில் மோதும். கார்ட்ரிட்ஜின் கோணத்தைச் சரிபார்க்க அச்சிட்ட அளவுத்தாள் கிடைக்கும். மையத்திலிருந்து 66, 120.9 மில்லிமீட்டர் தூரங்களில் உள்ள இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். வீட்டில் அச்செடுத்தால் தாளின் அளவு சுருங்கியிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வேகம்

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய நியான் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னும். அதனால் பிளேட்டரின் மேல் வைத்து வேகம் பார்க்கும் ஸ்ட்ரோப் தாளில் 33⅓-க்கு 180 கோடுகள் இருக்கும்; வேகம் சரியாக இருந்தால் சுழலும் கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அமெரிக்கத் தாளில் 216 கோடுகள், அது இங்கே உதவாது. எல்இடி விளக்கில் பல சமயம் கோடுகளே தெரியாது, ஒரு நியான் டெஸ்டரை அருகில் பிடியுங்கள்.

தாளைவிட நம்பகமான சோதனை ஒன்று நம்மிடமே இருக்கிறது. நல்ல கச்சேரி எல்.பி. ஒன்றைப் போட்டு, பாடகர் நிறுத்தும் இடங்களில் தம்புராவை மட்டும் கேளுங்கள். சுருதி மெல்ல ஏறி இறங்கினால் பேரிங்கோ பெல்ட்டோ ஐட்லரோ சரியில்லை. சினிமாப் பாட்டில் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும். தம்புராவிலும் நாகஸ்வரத்தின் நீண்ட கார்வையிலும் ஒளிய முடியாது. தட்டின் நடு ஓட்டை மையம் விலகியிருந்தாலும் இதே அலைவு வரும், ஆகவே இரண்டு மூன்று தட்டுகளில் கேட்ட பிறகு எந்திரத்தைக் குறை சொல்லுங்கள்.

78 வைத்திருப்பவர்களுக்கு

எல்.பி. ஊசியின் முனை 78 தட்டின் அகலப் பள்ளத்தில் சுவரைத் தொடாமல் அடியில் உரசிக்கொண்டு போகும். கேட்பது முழுக்கப் பொரிச்சல். 78-க்கென்று செய்த ஊசியின் முனை ஏறத்தாழ நான்கு மடங்கு அகலம். ஏடி-விஎம்95 வரிசையில் எஸ்பி என்ற ஊசி அதற்கானது, 5 கிராம் அழுத்தம். இரண்டாவது ஹெட்ஷெல்லில் (டோன் ஆர்மின் முனையில் கழற்றி மாட்டும் தலை) இன்னொரு கார்ட்ரிட்ஜை மாட்டி வைத்துக்கொண்டால் திருகி மாற்ற அரை நிமிடம் போதும். எடையை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள். ஆம்ப்ளிஃபயரில் மோனோ சுவிட்ச் இருந்தால் அழுத்துங்கள். பக்கவாட்டில் வெட்டிய பதிவு என்பதால், மேலும் கீழுமாக வரும் இரைச்சல் கணிசமாக அடங்கிவிடும்.

இதுவரை சொன்ன துப்புரவுக்கெல்லாம் ஆல்கஹாலைக் கையில் எடுத்தோம். 78 தட்டின் அருகே அதைக் கொண்டுபோகாதீர்கள். அந்தத் தட்டு அரக்கால் ஆனது. தச்சர்கள் மரப் பாலிஷுக்கு அரக்கைக் கரைப்பது ஸ்பிரிட்டில்தான் என்பது நினைவிருக்கட்டும். ஒரு துடைப்பில் பாட்டே போய்விடும். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, மெல்லிய துணி போதும். லேபிள் நனையாமல் துடைத்து, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள்.